லண்டன் சுரங்க ரயிலில் வியர்க்கிறது, சென்னை மெட்ரோவில் குளிர்கிறது: இது எப்படி?

குன்னூர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். சுரங்கப் பணியிலும் ரயில்வேயிலும் இருக்கும் நம் மலைக்காரர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நம்பியே இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு மார்ச் மாத இறுதியில் நானும் என் மனைவியும் லண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். வெளியே கையுறை இல்லாமல் நடக்க முடியாத குளிர். குன்னூரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கே பல் கிட்டியது. ஆனால் நிலத்தடி ரயிலின் சென்ட்ரல் தடத்தில் ஏறி நகரின் நடுப்பகுதியைக் கடப்பதற்குள் ஸ்வெட்டரையும் மஃப்ளரையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பெட்டியின் கோடியில் இருந்த சிறிய சன்னலை ஒருவர் எழுந்து போய் இறக்கிவிட்டார். அதன் வழியாக இரைச்சலோடு வந்த காற்றும் வெதுவெதுப்பாகவே இருந்தது. நடைமேடையிலும் அப்படித்தான். வண்டி வருவதற்கு முன்பே குகைக்குள்ளிருந்து ஒரு காற்று கிளம்பி முகத்தில் அடிக்கிறது, அதிலும் குளிர்ச்சி இல்லை.

சென்னையில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. நீலகிரி எக்ஸ்பிரஸில் போய்ச் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ நிலையத்திற்குள் படியிறங்கினால், மே மாதத்திலும் என் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். குளிர்ந்த ஊரின் நிலத்தடி வெப்பமாகவும், வெயில் கொளுத்தும் ஊரின் நிலத்தடி குளிராகவும் இருப்பதற்குக் காரணம் என்ன? லண்டன் ரயிலில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம்தான் வெப்பத்திற்குக் காரணம் என்று மகன் சொல்கிறான். எனக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. வருகிற ஜூலையில் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. மனைவிக்கு வீசிங் தொந்தரவு இருப்பதால், எந்தத் தடத்தைத் தவிர்ப்பது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கோத்தகிரிக்காரன்:

ஐயா, நான் சென்னையில் மெட்ரோ சுரங்கங்களுக்கான காற்றோட்டம், குளிர்சாதனம் ஆகியவற்றை வடிவமைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எனவே சற்று நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகன் சொல்வது பொய்யில்லை, ஆனால் கூட்டத்தின் பங்கு சிறியது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். ஒரு வண்டியில் 800 பேர் இருந்து, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்கு இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அத்தனை பேரும் சேர்ந்து தருவது மூன்று யூனிட்டுக்கும் குறைவு. அதே வண்டியின் எடையை 200 டன் என்றும் வேகத்தை மணிக்கு 60 கிலோமீட்டர் என்றும் கொண்டால், அதை அடுத்த நிலையத்தில் நிறுத்தும்போது பிரேக் வழியாக வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய எட்டு யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அந்த ஒரு வண்டி பதின்மூன்று நிறுத்தங்களில் வெப்பமாக்கித் தீர்த்துவிடும். மோட்டாரின் வெப்பம், சக்கரமும் தண்டவாளமும் உராய்வதால் வரும் வெப்பம், விளக்கு, கம்ப்ரசர் எல்லாம் இதற்கு மேல். உச்ச நேரத்தில் இரண்டு நிமிடத்திற்கு ஒரு வண்டி என்று, காலை முதல் நள்ளிரவு வரை இது நடக்கிறது.

அந்த வெப்பம் எங்கே போகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. சென்ட்ரல் தடம் 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது செல்வது லண்டன் களிமண் எனப்படும் கெட்டியான படிவத்தின் ஊடாக. குடைவதற்கு அதைவிட வசதியான மண் கிடையாது. தண்ணீர் கசியாது, சரியாது. ஆனால் வெப்பத்தை அது மிக மெதுவாகவே கடத்தும். தொடக்கத்தில் அந்த மண்ணின் வெப்பநிலை 14 டிகிரி அளவில் இருந்தது. அதனால் முதல் சில பத்தாண்டுகளுக்கு, கோடையில் வெயிலுக்கு ஒதுங்கும் இடமாகவே சுரங்க ரயிலை அந்நாட்டவர் கருதினார்கள். குளுமையாக இருக்கும், வாருங்கள் என்று ரயில் நிறுவனமே விளம்பரம் செய்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் வெப்பத்தை வாங்கி வாங்கி, சுரங்கத்தை ஒட்டியுள்ள மண் இன்று 19 முதல் 26 டிகிரி வரை ஏறியிருக்கிறது. வாங்குவதற்கு இனி அதனிடம் பெரிதாக இடமில்லை. வெளியே பனி பெய்தாலும் உள்ளே அந்தச் சேமிப்பு அப்படியே இருக்கிறது, ஆகவேதான் நீங்கள் மார்ச் மாதத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினீர்கள்.

இதோடு குகையின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஆழத்தில் செல்லும் லண்டன் தடங்களின் குறுக்களவு சுமார் 3.56 மீட்டர்தான். வண்டி அந்தக் குழாயை ஏறக்குறைய அடைத்துக்கொண்டே ஓடுகிறது. சைக்கிள் பம்பின் தண்டு காற்றைத் தள்ளுவது போல முன்னால் இருக்கும் காற்றை அடுத்த நிலையத்திற்குள் தள்ளுகிறது. நடைமேடையில் உங்கள் முகத்தில் அடித்தது அந்தக் காற்றுதான். பழைய பொறியாளர்கள் பெரும்பாலும் இந்தத் தள்ளலையும், மின்தூக்கி ஏறி இறங்கும் செங்குத்துக் கூண்டுகளையும் படிக்கட்டுகளையும் நம்பியே காற்றோட்டத்தை விட்டுவைத்தார்கள். வண்டிகள் குறைவாக ஓடிய காலத்தில் அது போதுமானதாக இருந்தது.

சென்னைக்கு வருவோம். இங்கே சுரங்கத்தின் உள் குறுக்களவு சுமார் 5.8 மீட்டர். திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரையிலான முதல் நிலத்தடிப் பகுதி 2017 மே 14 அன்று திறக்கப்பட்டபோதே, நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்திற்கும் இடையே கண்ணாடித் திரைக்கதவுகள் இருந்தன. அவற்றைப் பயணிகள் தவறி விழாமல் தடுக்கும் ஏற்பாடு என்றே பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் எங்கள் பிரிவைக் கேட்டால், அது குளிர்ந்த காற்றை நடைமேடைப் பக்கமும் வெப்பமான காற்றைச் சுரங்கப் பக்கமும் பிரித்து நிறுத்தும் சுவர் என்றே சொல்லுவோம். வண்டி நுழையும்போது அந்தக் கதவின் இடுக்கருகே கையை வைத்துப் பாருங்கள். சீறிக்கொண்டு வரும் காற்று வெப்பமாக இருக்கும். சென்னைச் சுரங்கம் குளிரவில்லை, நிலையமும் பெட்டியும் மட்டுமே குளிர்விக்கப்படுகின்றன.

எடுத்த வெப்பம் மறைந்துவிடுவதும் இல்லை. அண்ணா சாலையிலோ ஈ.வெ.ரா. பெரியார் சாலையிலோ மெட்ரோ நிலையத்தை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் கம்பித் தட்டிகள் பொருத்திய கட்டடம் ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். கீழே நாம் அனுபவிக்கும் குளிர்ச்சிக்கான விலையை மேலே நடைபாதையில் நிற்பவர் கொடுக்கிறார். மின்கட்டணமாக மெட்ரோ நிர்வாகமும் கொடுக்கிறது. நிலத்தடி நிலையம் ஒன்றின் மின்செலவில் குளிர்சாதனத்தின் பங்கு மிகப் பெரியது. ஆகவே நாம் லண்டனைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். குளிர்சாதனம் இல்லாமல் சென்னையில் ஒரு நாள்கூடச் சுரங்க ரயிலை ஓட்ட முடியாது என்ற கட்டாயம் நமக்கு முதலிலேயே இருந்தது, அவர்களுக்கு இல்லை.

---

ரன்னிமேடு:

மலை ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பிரேக் வெப்பத்தைப் பற்றித் தம்பி சொன்னதை நான் வழிமொழிகிறேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு வண்டி ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்குகிறது. நூறு டன் எடை என்று கணக்குப் போட்டால் சுமார் 380 யூனிட் ஆற்றலை வழியெல்லாம் கரைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் பச்சைக் கொடியோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்திற்கு ஒன்று, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றும் பற்சக்கரத்திற்கு ஒன்று என இரண்டு பிரேக்குகளை அவர் இயக்குகிறார். ஹில்குரோவ் நிலையத்தில் நிற்கும்போது பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு காரநெடி வரும், குனிந்தால் முகத்தில் அனல் தெரியும். ஆனால் அத்தனையும் பர்லியார்ப் பள்ளத்தாக்கின் காற்றில் போய்விடுகிறது. லண்டனில் அந்த அனலை ஊதித் தள்ளப் பள்ளத்தாக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்ட்ரல் தடத்தைக் கட்டியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தடத்தில் நிலையங்கள் மேட்டின் மேலும், அவற்றுக்கு இடையிலான சுரங்கம் தாழ்வாகவும் அமைக்கப்பட்டன. நிலையத்திற்குள் நுழையும்போது 60 அடிக்கு ஓர் அடி என்று ஏற்றம். அது வண்டியின் வேகத்தைத் தானே குறைக்கும். புறப்படும்போது 30 அடிக்கு ஓர் அடி என்று இறக்கம். அது வண்டியைத் தானே தள்ளிவிடும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு ஓர் அடி என்று ஏறும் நமக்கு அது ஏற்றமே இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை நிறுத்திக் கிளப்பும் இடத்தில் மேடும் பள்ளமும் பிரேக்கின் வேலையில் ஒரு பங்கைச் சம்பளம் வாங்காமல் செய்கின்றன. நான் பார்த்த வரையில் சுரங்க ரயில் வரலாற்றிலேயே சிக்கனமான யோசனை இதுதான்.

வெப்பத்தைவிடப் பெரிய தொல்லையாக லண்டன்காரர்களுக்கு முதலில் இருந்தது புகை. 1863 ஜனவரி 10 அன்று பேடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடிய உலகின் முதல் நிலத்தடி ரயில் நீராவி வண்டிதான். தெருவை நீளவாக்கில் வெட்டி, உள்ளே தண்டவாளம் போட்டு, மேலே மூடிவிட்டு அதில் நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். சுரங்கத்திற்குள் நெருப்பை அடக்கிவிட்டு, சுட்ட செங்கற்களின் வெப்பத்தை வைத்து ஓடும் எஞ்சின் ஒன்றைச் செய்து பார்த்தார்கள், தேறவில்லை. பிறகு, வெளியேறும் நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் திருப்பிக் குளிர்விக்கும் எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள். நீராவி அடங்கியது, புகை அடங்கவில்லை. ஆகவே ஆங்காங்கே கூரையில்லாத இடைவெளிகளை விட்டார்கள். பேஸ்வாட்டர் பகுதியில் லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் என்ற தெருவில் 23, 24 ஆகிய எண்களில் இருப்பவை வீடுகளே அல்ல. முன்பக்கச் சுவர், சன்னல், தூண், கதவு எல்லாம் உண்டு. பின்னால் எஞ்சின் மூச்சுவிடுவதற்கான திறந்த பள்ளம் மட்டுமே இருக்கிறது. வரிசையான மாடி வீடுகளின் அழகு கெடக்கூடாது என்பதற்காக அந்தப் பொய் முகப்பைக் கட்டினார்கள். இந்தத் தடத்தையும் உள்ளடக்கிய உள்வட்டத் தடம் 1905இல்தான் மின்மயமானது.

நம் மலைப்பாதையில் 16 குகைகள் இருந்தும் பயணிகள் மூச்சுத் திணறுவதில்லை. குகைகள் குட்டையானவை என்பது ஒரு காரணம். ஏறும்போது எஞ்சின் வண்டிக்குப் பின்னால் இருந்து தள்ளுகிறது, புகை பயணிகளுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். எஞ்சினில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

---

கூடலூர்த் தம்பி:

ஒரு சிறிய சந்தேகம். லண்டனில் வெளியே எப்போதும் குளிர்தானே? பெரிய மின்விசிறிகளைப் பொருத்தி இரவு முழுவதும் அந்தக் குளிர்காற்றை உள்ளே அடித்தால் மண் ஆறிவிடாதா? இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

---

கோத்தகிரிக்காரன்:

செய்கிறார்கள், தம்பி. ஆனால் நூறாண்டு வெப்பத்தை ஓர் இரவில் வாங்க முடியாது. மண் வெப்பத்தை எவ்வளவு மெதுவாக ஏற்றுக்கொண்டதோ அவ்வளவு மெதுவாகத்தான் திருப்பித் தரும். காற்றைப் பெருமளவில் செலுத்த வேண்டுமானால் தெருமட்டம் வரை அகலமான கூண்டுகள் வேண்டும். லண்டனின் நடுப்பகுதியில் அதற்கான இடத்தை வாங்குவதைவிடப் புதிய ரயில்களையே வாங்கிவிடலாம். மேலும் இரவில் வண்டி ஓடாத சில மணி நேரத்தில்தான் தண்டவாளப் பராமரிப்பு நடக்கிறது. உள்ளே ஆட்கள் வேலை செய்யும்போது விருப்பப்படி புயல் அடிக்க முடியாது.

அதனால் வேறு வழிகளையும் பார்த்திருக்கிறார்கள். விக்டோரியா நிலையத்தில் நிலத்தடியில் ஊறும் தண்ணீரைக் குழாய்களில் ஓடவிட்டுக் காற்றைக் குளிர்விக்கும் சோதனை 2006இல் நடந்தது. கிரீன் பார்க் நிலையத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இஸ்லிங்டன் பகுதியில் 2020இல் தொடங்கப்பட்ட ஏற்பாடு. 1922இல் மூடப்பட்ட சிட்டி ரோடு என்ற பழைய நிலையத்தின் கூண்டில் மின்விசிறி பொருத்தி, நார்தர்ன் தடத்தின் வெப்பக் காற்றை மேலே இழுக்கிறார்கள். அந்த வெப்பத்தை வெப்ப ஏற்றி (குறைந்த சூட்டை எடுத்துக் கூடுதல் சூடாக மாற்றும் கருவி) மூலம் கூட்டி, 1,300க்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் செல்லும் வெந்நீர்க் குழாய்களில் சேர்க்கிறார்கள். கோடையில் அதே விசிறியைத் திருப்பி ஓட்டிச் சுரங்கத்திற்குள் காற்றை அனுப்பவும் முடியும். தேவையில்லாத இடத்திலிருந்து எடுத்துத் தேவையான இடத்தில் கொடுப்பதால், இதைத்தான் நான் உண்மையான தீர்வு என்பேன். சென்னையில் இதைச் செய்ய முடியாது; ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டும் என்று கேட்கும் வீடுகள் அங்கே ஏது?

வெப்பத்தை உண்டாக்கிவிட்டு வெளியேற்றுவதைக் காட்டிலும் உண்டாக்காமல் இருப்பது மேல். புதிய வண்டிகளில் பிரேக் போடும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாகவே மேல்கம்பிக்குத் திருப்பிவிடுகிறது. பக்கத்தில் கிளம்பும் வேறொரு வண்டி அதை எடுத்துக்கொள்கிறது. சென்னை வண்டிகள் தொடக்கத்திலிருந்தே இந்த வகைதான். டெல்லி மெட்ரோ இதே முறையால் மிச்சப்படுத்திய மின்சாரத்திற்காக ஐ.நா.வின் கார்பன் வரவுச் சான்றை, அதாவது கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான சான்றை, பெற்றது. உலகில் அதைப் பெற்ற முதல் ரயில் திட்டம் அதுதான். லண்டனின் பேக்கர்லூ தடத்திலோ 1972 ரக வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

---

கொடைக்கானல் ஆசிரியை:

புவியியல் கற்பிப்பவள் என்பதால் மண்ணைப் பற்றி ஒரு விவரத்தைச் சேர்க்க விரும்புகிறேன். பத்து மீட்டருக்குக் கீழே போய்விட்டால் பகல், இரவு, கோடை, குளிர் என்ற மாற்றங்கள் எல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். அங்கே நிலத்தின் வெப்பநிலை ஏறக்குறைய அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டி இருக்கும். ஊட்டியின் ஆண்டுச் சராசரி 14 அல்லது 15 டிகிரி. கோத்தகிரித் தம்பி சொன்ன, லண்டன் களிமண்ணின் தொடக்ககால வெப்பநிலையும் அதுவேதான். நம் மலையின் அடியில் இருக்கும் அதே குளுமை லண்டனின் அடியிலும் இருந்தது, அதை ரயில்கள் தின்று தீர்த்துவிட்டன.

சென்னையின் ஆண்டுச் சராசரியோ 28 டிகிரிக்கு மேல். அங்கே ரயில் ஓடாவிட்டாலும் இருபது மீட்டர் ஆழத்தில் அதே 28 டிகிரிதான். ஆகவே நிலத்தடி என்றாலே குளுமை என்று நாம் மலையில் பழகியதை வைத்து எண்ணுவது சமவெளிக்குப் பொருந்தாது.

கூடவே, சென்னையின் நிலம் ஒரே சீரானதும் அன்று. வடக்கே மணலும் களிமண்ணும் கலந்த வண்டல், நிலத்தடி நீரும் மேலேயே நிற்கிறது. தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போனால் சார்னோக்கைட் பாறை தலைகாட்டுகிறது; நீலகிரியும் பழனிமலையும் எந்தப் பாறையால் ஆனவையோ அதே இனம். அந்தப் பாறை களிமண்ணைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஈர மணலில் ஊர்ந்து செல்லும் நீரும் வெப்பத்தைக் கொஞ்சம் கொண்டுபோகும். லண்டன் களிமண்ணில் நடந்ததுபோல வெப்பம் ஓரிடத்தில் தேங்குவது இங்கே குறைவாக இருக்கும் என்றே எண்ணுகிறேன். ஆனாலும் நிலமே 28 டிகிரியில் இருக்கும்போது அதை நம்பி ஒரு நிலையத்தைக் குளிர்விக்க முடியாது.

இந்தக் களத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு செய்தி: சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து 2022 அக்டோபரில் முதன்முதலாக மண்ணுக்குள் இறங்கிய துளையிடும் இயந்திரத்தின் பெயர் நீலகிரி. அடுத்து வந்ததற்கு ஆனைமலை என்று பெயர் வைத்தார்கள். முதல் இரண்டில் பழனிமலை இல்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

---

குன்னூர் வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. ரன்னிமேடு அண்ணா சொன்ன பொய் வீட்டை இந்த முறை கட்டாயம் போய்ப் பார்ப்பேன்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. மண் ஆறாது என்றால், சென்னையைப் போலப் பெட்டிக்குள்ளாவது குளிர்சாதனம் வைத்துவிடலாமே? மற்றொன்று, சற்று அச்சம் தரும் கேள்வி: அவ்வளவு ஆழத்தில் தீப்பிடித்தால் இந்தக் காற்றோட்டம் உதவியா, உபத்திரவமா? மகன் வீடு ஈலிங் பிராட்வே நிலையத்திற்கு அருகில் இருக்கிறது. தடங்களைப் பற்றிச் சொல்லும்போது அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

---

கோத்தகிரிக்காரன்:

முதல் ஐயம். குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை, பெட்டிக்குள் இருப்பதை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்டுவதற்குத் தன் பங்கு மின்சாரத்தையும் வெப்பமாகச் சேர்க்கிறது. 3.56 மீட்டர்க் குழாயில் வெளியே என்பதும் அதே சுரங்கம்தான். பெட்டியின் கூரை குகையின் வளைவை ஒட்டி வளைந்திருப்பதால் கருவியை வைக்க மேலே இடமும் இல்லை. மெட்ரோபாலிடன், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி ஆகிய நான்கும் பழைய வெட்டி மூடிய வகைத் தடங்கள். குகை அகலமானது, பல இடங்களில் வானம் தெரியும். அண்ணா சொன்ன நீராவிக் காலத்துப் புகைபோக்கி இடைவெளிகள் இப்போது வெப்பபோக்கியாக உதவுகின்றன. அதனால் 2010 முதல் அந்தத் தடங்களுக்குக் குளிரூட்டப்பட்ட வண்டிகள் வந்துவிட்டன. ஆழ்தடங்களில் முதலாவதாகப் பிக்காடில்லித் தடத்திற்குக் குளிரூட்டிய வண்டிகள் தயாரிக்கப்பட்டுள்ளன. சக்கரத் தொகுதிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, எடையைக் குறைத்து, தரைக்கு அடியில் கருவிக்கு இடம் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஐயம். தீயில் பெரும்பாலானோரைக் கொல்வது நெருப்பு அல்ல, புகை. லண்டனில் 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டில் பற்றிய தீயில் 31 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நிலத்தடி நிலையங்களிலிருந்து மரப் படிக்கட்டுகளை அகற்றினார்கள். இன்று சென்னை உட்பட எந்த நகரத்தில் புதிய சுரங்கம் கட்டினாலும், நிலையத்தின் இரு முனைகளிலும் இருக்கும் ராட்சத மின்விசிறிகள் முதன்மையாகப் புகைக்காகவே வடிவமைக்கப்படுகின்றன, குளிர்ச்சிக்காக அல்ல. வண்டி சுரங்கத்தின் நடுவே நின்றுவிட்டால், ஒரு பக்க விசிறி காற்றை உள்ளே தள்ளும், மறுபக்க விசிறி இழுக்கும். பயணிகள் எந்தத் திசையில் நடந்து வெளியேறுகிறார்களோ அந்தத் திசையிலிருந்து நல்ல காற்று அவர்கள் முகத்தில் பட வேண்டும், புகை அவர்களுக்குப் பின்னால் போக வேண்டும். எந்தப் பெட்டியில் தீ, எந்தப் பக்கம் இறக்குவது என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சில நொடிகளில் முடிவு செய்தாக வேண்டும்; தவறான பக்கம் விசிறியைச் சுழற்றினால் புகை ஆட்களை நோக்கிப் போய்விடும். எங்கள் வேலையில் மிக அதிகமாக ஒத்திகை பார்க்கப்படுவது இதுதான். இரண்டு சுரங்கங்களையும் இணைக்கும் குறுக்குவழிகளும் இதற்காகவே. பக்கத்துச் சுரங்கத்திற்குள் போய்விட்டால் புகை தொடராது.

இனி உங்கள் பயணம். ஜூலையில் சென்ட்ரல், பேக்கர்லூ இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்; வெப்பம் அதிகமுள்ள தடங்களில் அவையும் அடங்கும். பழைய ஆழ்தடங்களில் சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உராய்வதால் இரும்புத் துகள் கலந்த தூசியும் கூடுதல், வீசிங் இருப்பவர்களுக்கு அது ஆகாது. உங்கள் நல்ல நேரம், ஈலிங் பிராட்வேயில் சென்ட்ரல் தடத்தோடு டிஸ்ட்ரிக்ட் தடமும் எலிசபெத் தடமும் இருக்கின்றன. 2022 மே 24 அன்று திறக்கப்பட்ட எலிசபெத் தடத்தின் சுரங்கம் 6.2 மீட்டர் குறுக்களவு கொண்டது. வண்டிகள் குளிரூட்டப்பட்டவை, நடுநகர நிலத்தடி நிலையங்களில் சென்னையைப் போலவே திரைக்கதவுகளும் உண்டு. ஹீத்ரோவில் இறங்கியதும் பிக்காடில்லியில் ஏறாமல் எலிசபெத்தில் ஏறினால் நேராக ஈலிங் பிராட்வேயில் இறங்கலாம். கடைத்தெருவுக்குப் போவதற்கும் பாண்ட் ஸ்ட்ரீட், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு இரண்டும் அதே தடத்தில் கிடைத்துவிடும். நிலையங்கள் மிகவும் நீளமானவை என்பதால் நடை சற்று அதிகம். ஆனால் எல்லா நிலையங்களிலும் படியேறாமல் போகும் வசதி உண்டு, அம்மாவுக்கு மின்தூக்கி எந்தக் கோடியில் இருக்கிறது என்று ஏறும் முன்பே கேட்டு அதற்கு நேரான பெட்டியில் ஏறிக்கொள்ளுங்கள்.